அடியில் பெயர் இல்லாத பூச்சாடி

பூனாகலையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஜெயரூபன், பதுளை கண்ணாடிக் கடையில் பையை அவிழ்த்தான். உள்ளே உடைந்த பூச்சாடி.

"கை தட்டி விழுந்திருச்சு நாநா. வீட்டுக்காரியோட தாத்தாவுக்கு வெள்ளைக்காரத் துரை குடுத்தது. அவ பாக்குறதுக்குள்ள இதே மாதிரி ஒன்னு வாங்கணும். அடியில பேரே இல்ல. எந்தக் கம்பனி செஞ்சது?"

அடித்துண்டைத் திருப்பிய கடைக்காரர் ஜுனைதீனின் முகம் மலர்ந்தது.

"தெரிஞ்சிருச்சு தம்பி."

"இங்கிலாந்துதானே?" ஜெயரூபன் பரபரத்தான்.

"சீனா. இந்தக் கீறலைப் பாருங்க, லேபலைச் சுரண்டினதே நான்தான். போன மாசம் பூனாகலையில இருந்து ஒரு தங்கச்சி வந்து, 'தாத்தாவோடது உடைஞ்சிருச்சு, புருஷனுக்குத் தெரியக் கூடாது'ன்னு வாங்கிட்டுப் போச்சு."

அவர் அலமாரியிலிருந்து இன்னொன்றை இறக்கினார்.

"இதுலயும் சுரண்டிரவா தம்பி?"