ஊரே பாக்குது கண்ணு

மதியம் ஒரு மணிக்கு என் மகள் லோகப்பிரியா வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டாள். இரண்டு முட்டியும் கிழிந்த பேண்ட்.

உடுத்தி உடுத்திக் கிழிந்ததல்ல. கடையிலேயே கிழித்து விற்கிறார்களாம். மேலே கையில்லாத சட்டை வேறு.

அவள் வேலை பார்க்கும் டப்ளினில் அன்றைக்கு மூன்று டிகிரி. என் போனில் கோயமுத்தூர் வெயிலுக்குக் கீழேயே அந்த ஊர்க் குளிரும் வரும். ஊருக்குப் போகும்போது அவள்தான் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நல்லா இருக்குது கண்ணு என்று அனுப்பியிருக்கலாம். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு அவள் அப்பாவின் உயரம், எதைப் போட்டாலும் எடுக்கும்.

ஆனால் அப்படி அனுப்பினால் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் வரும். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

திட்டினால் போன் வரும்.

இதைக் கண்டுபிடித்து எனக்கு ஒன்றரை வருடம் ஆகிறது. "என்ன கோலம் இது, ஊரே பாக்குது" என்று அனுப்பினால் போதும், ஆபீசுக்குப் போகிற பஸ்ஸிலிருந்து கூப்பிட்டுவிடுவாள். யாரும்மா பாக்கறாங்க என்றுதான் ஆரம்பிப்பாள். நான் சொந்தக்காரர்கள் பெயரை வரிசையாகச் சொல்வேன். பேண்டில் தொடங்கிய சண்டை ரசப்பொடி தீர்ந்துபோனதில் வந்து நிற்கும். இருபது நிமிடத்தில் அவள் இறங்கும் இடம் வந்துவிடும்.

கோயமுத்தூர் கணபதியில் என் வீட்டுக்குக் கீழே லேத் பட்டறை. என் வீட்டுக்காரர் போன பிறகு, அந்த இருபது நிமிடம் போக மீதி நாள் முழுக்க எனக்குப் பேச்சுத் துணை அந்த லேத்துதான். ஞாயிற்றுக்கிழமை அதற்கும் லீவு.

அன்றைக்கு "என்ன கோலம்" வரைக்கும் அடித்திருந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"அம்மணி, ஊட்ல இருக்கறயா?"

சோமனூரிலிருந்து காளியாத்தாள் அக்கா. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. கையில் மகன் தீபக்கின் கல்யாணப் பத்திரிகை.

அடித்ததை அனுப்பாமல் எழுந்தேன். நான் லோகுவிடம் சொல்கிற பட்டியலில் முதல் பெயரே அக்காவுடையதுதான். அக்காவுக்குப் பெண் பிள்ளை இல்லை. கல்யாணத்தில் தங்கையாக நின்று தீபக்குக்கு இணைச்சீர் செய்ய வேண்டியவள் லோகு. இந்தக் கிழிசலையெல்லாம் பார்த்துவிட்டு, வேறு பிள்ளையை வைத்துச் செய்துகொள்கிறோம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாரோ என்னவோ.

அக்கா காப்பி குடித்தார். மண்டபத்தைப் பற்றிப் பேசினார், சமையல்காரரைப் பற்றிப் பேசினார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"புள்ள போடற துணியப் பாத்து மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கக்கா. சீருக்குப் பட்டுச் சேல கட்டித்தான் நிப்பா."

"எந்தத் துணி?"

"அதானுங்க, ஸ்டேட்டஸ்ல போடறாளே."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மருதமலை முருகன் இருந்தார். யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ இருந்தது. லோகு இல்லை.

"அவ எங்க அம்மணி போடறா? போன புதுசுல ஒரு மாசம் போட்டா, அத்தோட சரி. லோகு ஒண்ணுமே போடறதில்லீங்கம்மான்னு தீபக்குகூடச் சொன்னான். என்ர பொறந்த நாளுக்கு மட்டும் மறக்காம மெசேஜ் வந்துரும்."

என் மடியில் என் போன் இருந்தது. அதில் லோகு முட்டி தெரிய நின்றுகொண்டிருந்தாள். மெதுவாகக் கவிழ்த்து வைத்தேன்.

"ஆமாங்கக்கா, அவளுக்கு வேல சாஸ்தி" என்றேன்.

அக்கா போன பிறகு மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் பேண்டை மட்டுமே பார்த்திருக்கிறேன். அறைக் கண்ணாடி முன்னால் நின்று தானே எடுத்த போட்டோ. எப்போதும் அதே கண்ணாடிதான், பக்கத்தில் ஒரு ஆள் இருந்ததில்லை. பின்னால் கட்டில் மேல் தடித்த ஜாக்கெட்டும் கிழியாத ஒரு பேண்டும் மடித்து வைத்திருந்தாள், வெளியே போட்டுக்கொண்டு போக.

எந்த ஸ்டேட்டஸை யார் பார்க்க வேண்டும் என்று ஆள் பார்த்து வைக்கலாம். அதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

அழுகை வந்துவிட்டது. அங்கே என் பிள்ளைக்குத் திட்டக்கூட ஆளில்லை.

மணி ஒன்றே முக்கால். அவள் பஸ் ஏறுகிற நேரம். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடித்தேன்: என்ன கோலம் கண்ணு இது, ஊரே பாக்குது.

உடனே போன் வந்தது.

"யாரும்மா பாக்கறாங்க?"

"உங்க பெரியம்மா பாத்துப்போட்டாங்க. இப்பத்தான் வந்துட்டுப் போறாங்க. தீபக்கு இணைச்சீருக்கும் முட்டி தெரியத்தான் வந்து நிப்பாளான்னு கேக்கறாங்க."

பெரியம்மா பார்த்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"சரி" என்றாள். "வேற யாரெல்லாம் பாத்தாங்க? ஒவ்வொருத்தராச் சொல்லு."

சொன்னேன். அன்னூர் மாமா. பல்லடத்து அத்தை. போன வருடம் தவறிப்போன எங்கள் சின்னய்யனையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.