கேமராவுக்குப் பிடிக்காத வசை

பக்தி இருந்தால்தான் அந்தக் கேமரா ஓடும். ஆடுகிறவள் முகத்தில் கோபமோ வெறுப்போ தெரிந்துவிட்டால் விளக்கு சிவந்து, நின்றுவிடும். அது சான்று தராத நடனத்தை இப்போது எந்தக் கோயில் திரையிலும் காட்டுவதில்லை.

நான் ஆட வந்ததோ சிவனைப் பிச்சைக்காரன், பித்தன் என்று உரிமையோடு வைகிற பதம். விஷத்தைக் குடித்தும் சாகாதவனே என்று அபிநயம் பிடிக்கும்போது, போன ஆவணியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த என் மகள் நினைவுக்கு வந்தாள். நீ மட்டும் பிழைத்துக்கொண்டாயே என்று எதிரே இருந்த நடராஜர் சிலையை நோக்கிக் கையை நீட்டினேன். விளக்கு சிவந்தது. மறுபடி ஆடினேன். மறுபடியும் அதே இடத்தில் சிவந்தது.

"உமையாளக்கா, முகம் கடுகடுன்னு இருக்குன்னு காட்டுது. கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே திட்டுங்களேன்," என்றான் இயக்குநர் பிரணவ்.

"உன் பொண்ணு செத்தா நீ சிரிச்சுக்கிட்டே திட்டுவியாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு கேமராவை மறுபடி ஓடவிட்டான். கேமராவிடம் என் பாச்சா பலிக்கவில்லை.

கடைசியில் சிரித்தேன். துக்கம் கேட்க வந்தவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டபோது சிரித்த அதே சிரிப்பு. விளக்கு கடைசிவரை பச்சையாகவே எரிந்தது. பக்தி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்றது கேமரா.

பிரணவ் கண்கலங்கி என் காலில் விழுந்தான்.

"எழுந்திருடா. திட்டினப்பல்லாம் அவன் என் எதிர்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தான். நான் சிரிச்சேன் பாரு, அப்பவே போயிட்டான். வெறும் சிலை முன்னாடி ஒருத்தி இளிச்சதைத்தான் நீ படம் பிடிச்சிருக்கே."