நடந்து காட்டிய பேராசிரியர்

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

முன்னால் நடந்து காட்டிக்கொண்டிருந்தவர் நரம்பியல் பேராசிரியர். கைநடுக்கம், நடைத் தடுமாற்றம் என்றால் எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் இடது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முதுகு கூனி, குட்டிக் குட்டி அடியாக வாசல்வரை வந்தார். அங்கே கால் நகராமல் நின்றார். அப்புறம் தனக்குத் தானே கட்டளை போட்டுக்கொண்டார்.

"லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்..."

கால் நகர்ந்தது. மறுபடியும் சிரிப்பு.

வாசல்படியைத் தாண்ட அப்படிக் கட்டளை போட்டுக்கொள்கிற நோயாளி, அவளுக்குத் தெரிந்து, அவரிடம் ஒரே ஒருத்தர்தான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற அவளுடைய அப்பா.

"செம நடிப்புடி. யாரைப் பார்த்து இப்படிச் செய்றார்?" பக்கத்துத் தோழி முழங்கையால் இடித்தாள்.

"யாருக்குத் தெரியும்?" என்றாள்.

வழக்கமாக நோயாளியையே அழைத்து வந்து, நடக்க வைத்துத்தான் அவர் பாடம் நடத்துவார். இன்றைக்கு மட்டும் என்ன கூத்து இது? டீனிடம் போய்ப் புகார் கொடுத்தே தீருவது என்று முடிவு கட்டினாள். பேராசிரியரைப் பகைத்துக்கொண்டால் படிப்பு அம்பேல்தான். ஆகட்டும். அதற்கு முன் அவர் முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

மதியம் அவர் அறைக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கை ஆடுது சார். ஆடக் கூடாது. எத்தனை தடவை சொல்றது?"

"ஸாரி மாஸ்டர்."

"திரும்பும்போது சட்டுனு திரும்பிடுறீங்க. எனக்கு அப்படித் திரும்ப வந்தா நான் ஏன் உங்ககிட்ட வைத்தியத்துக்கு வர்றேன்? மறுபடியும் முதல்லேருந்து நடங்க."

எட்டிப் பார்த்தாள். அப்பா நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் கோட்டைக் கழற்றிவிட்டு, வியர்க்க வியர்க்க நடந்துகொண்டிருந்தார்.

"வாம்மா," அப்பாவின் முகம் மலர்ந்தது. "காலையில சார் என் மானத்தைக் காப்பாத்தினாரா?"

"எல்லாரும் சிரிச்சாங்கப்பா."

"சிரிக்கட்டுமே. சிரிச்சுக்கிட்டே படிச்சது மறக்காது. நானே வந்து நடக்கிறேன்னு இஸ்திரி போட்ட சட்டையோட காத்திருந்தேன். இவர்தான் விடலை. என் நடை கடைசி பெஞ்சுக்குத் தெரியாதாம், கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டணுமாம். அப்படின்னா முறையா கத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். நாளைக்கு இன்னொரு வகுப்பு இருக்கே."

அவளுடைய கோபம் பொசுக்கென்று இறங்கியது. சிரிப்பே வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க சார். தப்பா நினைச்சு, உங்க மேல புகார் கொடுக்க இருந்தேன்."

"நடிப்பு மோசம்னுதானே? அந்தப் புகாரை உங்கப்பா ஏற்கெனவே கொடுத்துட்டார்."

சிரித்துக்கொண்டே கிளம்பியவள் வாசலில் நின்றாள். "ஆனா சார், இதுவரைக்கும் நீங்க கூட்டிட்டு வந்தவங்க நடையெல்லாம் கடைசி பெஞ்சுக்கு நல்லாத்தானே தெரிஞ்சுது?"

பேராசிரியர் வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி வராந்தாவில தோழிகளோட வரும்போது உங்கப்பா எதிர்ல வந்தா, நீ வேற பக்கம் திரும்பிப் போயிடுறே. நான் கவனிச்சிருக்கேன்மா. அவர் இன்னும் கவனிக்கலை."