விரல் உயரப் பைன்

மழை அரிதான அந்த மலைச்சரிவில் கண்ணுக்கு எட்டியவரை குட்டையான ஜூனிப்பர் மரங்கள்தான். அரசு விதிப்படி, அங்கே பைன் மரம் ஒன்றுகூட இல்லையென்றால் அது வெறும் புதர்க்காடு. சாலை போட வெட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு பைன் இருந்தாலும் கலப்புக்காடு. யாரும் கைவைக்க முடியாது. எந்த வகை என்று முடிவு செய்ய வந்திருந்த தாவரவியலாளர் தேவசகாயம், காலையிலிருந்து அலைந்து, ஒரு ஜூனிப்பரின் நிழலில் விரல் உயரக் கன்று ஒன்றைக் கண்டார். பைன்தானா என்று பார்க்க, பல வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் அதைப் பிடுங்கிவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். பைனேதான். வேர் பாதியில் அறுந்திருந்தது.

"சார், ஏதாவது கெடச்சுதா?" உடன் வந்த ஆய்வாளர் பூரணி மேட்டிலிருந்து கேட்டாள்.

அவர் மண்டியிட்டு, விரலால் குழி பறித்து, கன்றை நட்டு, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினார். ஈரம் தெரியாமலிருக்க மேலே புழுதியைத் தூவினார்.

"ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

பூரணி சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடிவந்தாள். குனிந்து, பல பக்கங்களிலிருந்தும் படம் எடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இத்துனூண்டு இருந்துக்கிட்டு இந்த மலையையே காப்பாத்திடுச்சே சார்! அடுத்த வருஷம் வந்து பாக்கணும்."

"பாக்கலாம்" என்றார் அவர், தொப்பியைக் கழற்றிக் கன்றின் மேல் வெயில் விழாமல் பிடித்தபடி. அவள் பையை மாட்டிக்கொண்டு, "கெளம்பலாமா சார்?" என்று கேட்ட பிறகும் அந்தக் கையை அவரால் எடுக்க முடியவில்லை.