குறையே இல்லாத செயலி

“நாப்பத்திரண்டு பள்ளிக்கூடம். எல்லாமே அஞ்சு ஸ்டார். கம்பெனிக்காரன் உங்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தான்?”

பள்ளிகளின் மதிப்பீட்டைத் தொகுத்துக் கொண்டுவந்த தொழில்நுட்ப உதவியாளரிடம் மாவட்டக் கல்வி அதிகாரி கேட்டார்.

“ஒரு டீகூட வாங்கித் தரல, மேடம்.”

“மத்த ஆறு செயலிக்கும் புகார் குவிஞ்சிருக்கு. இந்தக் கணிதச் செயலிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லையா? யார் காதுல பூ சுத்துறீங்க? அடுத்த வருஷ பட்ஜெட்டை இதை நம்பித்தான் போடணும். உண்மை வரலைன்னா நாளைக்கே உங்களுக்கு சஸ்பென்ஷன்.”

அதிகாரி தாமே ஒரு தலைமையாசிரியையைத் தொலைபேசியில் அழைத்தார். உதவியாளரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை இயக்கினார்.

“செயலி பிரமாதம், மேடம்!”

“பிள்ளைங்களுக்குப் பிடிச்ச பாடம் எது?”

“எல்லாமே, மேடம்.”

“ஒண்ணைத் திறந்து, அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க.”



“திறக்க முடியாது, மேடம். பாஸ்வேர்டு எந்தப் பள்ளிக்கும் வரல. ஸ்டாரைக் குறைச்சா நாலு பக்கம் விளக்கம் எழுதணும்னு உத்தரவு போட்டிருக்கீங்க. திறக்காத செயலிக்கு நாலு பக்கத்துக்கு எங்க போறது? அதான் எல்லாரும் பேசிவச்சு அஞ்சு போட்டுட்டோம்.”

அதிகாரி வெற்றியோடு உதவியாளரை நோக்கினார். “பாஸ்வேர்டை யார் அமுக்கி வச்சிருக்கறது?”

“பாஸ்வேர்டு அனுப்புற கடிதத்தை மூணு மாசம் முன்னாடியே உங்க கையெழுத்துக்கு வச்சேனே, மேடம். போயிருக்கும்னு இருந்துட்டேன்.”

உதவியாளர் அதிகாரியின் மேசையிலிருந்த கோப்புகளைப் புரட்டி, அடியிலிருந்து அக்கடிதத்தை உருவினார். கையெழுத்துக்குரிய இடம் வெறுமையாக இருந்தது.

அதிகாரி எழுந்து சென்று கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார்.

“இது வேற யாருக்காவது தெரியுமா?”

“எனக்குத் தெரியும், மேடம்” என்றது தொலைபேசி.