காயாத கிண்ணம்

பெயின்ட் தின்னரில் நனைத்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு கார் ஷெட்டில் நின்றாள்.

துடைக்க வேண்டியதுதான். வேறு வழியில்லை.

கிண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி ஒரு வாரம் ஆகிறது. மாமரமோ வேம்போ என்றால் இதற்குள் காய்ந்து மினுங்கியிருக்கும். இது கோக்கபோலோ. கடல் தாண்டி வந்த மரம். தொட்டால் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டியது.

"அதுக்குள்ளயே எண்ணெய் இருக்குதுங்க அக்கா. நாம பூசறதக் காய விடாது. தின்னர் போட்டு வழிச்சுத் தொடச்சுட்டு, உடனே மறுபடி பூசுங்க" என்று மரக்கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

மரத்துக்கே இத்தனை கொழுப்பு.

அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கும் அது குறைவில்லை. ஷெட்டில் அவள் மரம் கடையும் லேத்தை வாங்கிப் போட்ட நாளிலிருந்து அவர் கார் தெருவில், காக்கை எச்சத்தோடு நிற்கிறது. அந்தக் கோபத்தில் மனிதர் ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவள் கடைந்த எதையும் கையில் எடுத்ததில்லை.

ஊரே மெச்சியது. இவர் வாயிலிருந்து ஒரு 'நல்லாருக்குது' வராதா என்றுதான் அவளுக்கு ஏக்கம். இந்தக் கிண்ணத்துக்காவது வரும் என்று நம்பினாள். கொண்டுபோய்க் காட்டியபோது, "இதென்ன, சோறு திங்கறக்கா, சாமி கும்படறக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.

அடியில் விரல் தடங்கள்.

அவளுடையவை அல்ல. தடித்த விரல்கள். நான்கில் நடுவிரல் மட்டும் குட்டையாக இருந்தது.

நடுவிரல் நுனியை மில்லில் விட்டுவிட்டு வந்த மனிதர் இந்த வீட்டில் ஒருவர்தான்.

இன்னும் சாய்த்துப் பார்த்தாள். மங்கிய தடத்தின் மேல் புதுத் தடம். அதன் மேல் இன்னொன்று. உட்புறத்தில் ஒரு கட்டைவிரல் சுற்றிச் சுற்றி வந்திருந்தது.

தினமும் வந்திருக்கிறார்! அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.

இந்த வாரம் முழுக்க மனிதர் ஏன் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார் என்பது இப்போதுதான் விளங்கியது. சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏம்புள்ள, அது காஞ்சுதா இல்லியா?" வீட்டு வாசலிலிருந்து அவர் குரல்.

"எங்கீங்க. இன்னும் ஒரு வாரம் ஆகுமாட்ட இருக்குது."

"செரி செரி. மெதுவாவே காயட்டும்."

தின்னர் துணியைத் தூரப் போட்டாள்.

எண்ணெய் டப்பாவைத் திறந்தாள். கிண்ணத்துக்கு உள்ளும் புறமும் இன்னொரு பூச்சு, தாராளமாகவே.

பிறகு காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

"சந்தைக்குப் போய்ட்டு வர்றனுங்க" என்றாள், நன்றாகக் காதில் விழும்படி. "வர்றக்கு நேரமாகும்."