கொடிக்கயிறு

விமானத் திடலைக் கூட்டும் லூர்தம்மாளுக்கு, பறக்காமல் நின்ற அந்தப் பழைய பயணிகள் விமானம்தான் துணை. கட்டடத்து ஜன்னல் கம்பியில் ஒரு முனையும் அதன் விசிறியில் மறுமுனையுமாகக் கொடி கட்டியிருந்தாள். துணி உலரும்வரை இறக்கை நிழலில் உட்கார்ந்து, மனதில் கிடப்பதையெல்லாம் அதனிடம் சொல்லித் தீர்ப்பாள். அதைப் பழுது பார்த்து யாருக்கோ விற்றுவிட்டார்கள்.

“யக்கா, கயித்த அவுத்துருங்க” என்றார் பைலட்.

“எப்பய்யா திரும்பி வரும்?”

“இனி வராதுக்கா. வாங்குனவங்க ஊர்லயே நின்னுரும்.”

அவிழ்த்துவிட்டாள். விமானம் உடம்பெல்லாம் நடுங்கி, புகை கக்கி, ஓடி, மேலேறிப் போயிற்று. நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

மறுநாள் காலை, துவைத்த சேலையைக் கயிற்றில் போட்டு, அவிழ்ந்த முனையைப் பிடித்தபடி அந்தக் கறைவரை நடந்தாள். விசிறி இருந்த உயரத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

உச்சிவெயிலில் கேட் காவலர் தங்கப்பழம் கூப்பிட்டார்: “ஏ லூர்து, சோறு திங்க வரலியா?”

“ஈரம் போவட்டும், வாறேன்.”

சேலை எப்போதோ காய்ந்து, மொடமொடவென்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.